தினமும் ஜனவரி ஒன்று

செத்த கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுத்துப் பிழைக்கிறவன் இஸ்ரவேல். உயிர்த்தெழுதலில் நம்பிக்கையுள்ள சபையைச் சேர்ந்தவன் என்பதால் இதை அவன் பெரிய அற்புதமாக நினைத்ததில்லை. மாவு மில்லில் ஒரு பெட்டி, ஹோமியோ டாக்டரிடம் ஒரு பெட்டி, வாடகைப் பாத்திரக் கடையில் ஒரு பெட்டி என்று நாகர்கோவில் முழுக்க அவனுக்கு வாடிக்கை உண்டு. செய்த கம்பெனிக்காரனே மறந்துவிட்ட மாடல்கள். மெமரியைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பான். பிரின்டர் ரிப்பனில் ஸ்டாம்பு பேடு மையைச் சொட்டுவான். அப்படியும் ஓடாவிட்டால் பெட்டியின் விலாவில் ஒரு தட்டு. "புதுசு ஒண்ணு வாங்கப்பிடாதா?" என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல ஒரே பதில்தான் சொல்வார்கள்: "இது ஓடுதுல்லா?"

இவர்களில் தலைசிறந்தவர் கோட்டாறு கம்போளச் சந்தையில் கடை வைத்திருக்கும் தாணுலிங்கம். 'கம்ப்யூட்டர் ஜோதிட சாம்ராட், தெய்வவாக்கு மாமணி' என்று போர்டில் இருக்கும். முதல் பட்டம் அவரே சூட்டிக்கொண்டது. இரண்டாவது, போர்டில் இடம் மிச்சமிருந்ததால் பெயின்டர் கொடுத்தது. அதற்கு முன்பு அதே கடையில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். சி.டி. வந்து கேசட்டைத் தின்றதும், கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி ஜோதிடர் ஆனார். பஞ்சாங்கத்தில் அவருக்குப் படிக்கத் தெரிந்த பக்கம் பல்லி விழும் பலன் மட்டும்தான். மற்றதையெல்லாம் மிஷின் பார்த்துக்கொண்டது.

மிஷினில் சின்னக் கோளாறு ஒன்று உண்டு. ஜாதக மென்பொருளை விற்றவன் இரண்டாயிரத்து ஒன்றாம் வருடத்துக்கு மட்டும் ஓடும்படி பூட்டுப்போட்டுக் கொடுத்திருந்தான். வருடம் முடிந்தபோது அவன் கம்பெனியும் முடிந்துபோயிருந்தது. "வேய் இஸ்ரவேலு, எனக்க கஞ்சியில மண்ணு விழுந்துரும் போலிருக்கே" என்று தாணுலிங்கம் தலையில் கைவைத்தபோது, இஸ்ரவேல் பெட்டியைத் திறந்து, கடிகாரத்துக்கு மின்சாரம் தரும் பொத்தான் பேட்டரியைப் பிடுங்கி வெளியே போட்டான். அன்று முதல் ஒவ்வொரு காலையும் பெட்டியைப் போட்டதும் அது எல்லா ஞாபகமும் இழந்து, 'இன்று ஜனவரி 1, 2001' என்று கண்விழிக்கும். எஃப்-ஒன் பொத்தானை அழுத்தினால் வேலை செய்யத் தொடங்கிவிடும். நாகர்கோவிலுக்கு 2010 பிறந்து ஆடி மாதமும் ஆகிவிட்டது. தாணுலிங்கத்தின் கடையில் மட்டும் தினமும் புத்தாண்டு.

வாடிக்கையாளர்கள் கண்டுபிடிக்கவில்லையா என்றால், இல்லை. ஜாதகத் தாளின் மூலைகளில் மஞ்சள் தடவுவது ஐதீகம். வலது மூலையில்தான் தேதி அச்சாகும். அந்த மூலைக்கு மட்டும் தாணுலிங்கம் மஞ்சளைச் சாந்துபோல் அப்புவார். இந்த வருடப் பலன் என்று வாங்கிப்போனவர்கள் வாசித்துவிட்டு, "வெளிநாட்டு யோகம்னு போட்டிருக்கு, எனக்க மச்சான் துபாய்க்குப் போனான்லா" என்று தாங்களாகவே ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள். 2001-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் 'இவர் இன்னும் பிறக்கவில்லை' என்று திரை மறுத்துவிடும். "பிள்ளைக்குப் பத்து வயசு திகையட்டும், அதுவரை கிரகம் கூடு கட்டாது" என்று அனுப்பிவைப்பார் சாம்ராட்.

தினமும் எஃப்-ஒன் அழுத்துகிறவள் அவருடைய ஒரே மகள் பூங்கனி. தாயில்லாத பெண். அவளுடைய கல்யாணம் இந்த மிஷினுக்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் ஆடியில் அவள் ஜென்ம நட்சத்திரத்தன்று அப்பா கற்பூரம் கொளுத்தி, அவள் ஜாதகத்தை அச்செடுப்பார். 'நடப்பு வயது இருபது. இவ்வாண்டு திருமண யோகம் இல்லை. அடுத்த ஆண்டு உறுதி' என்று வரும். அடுத்த ஆண்டும் அதேதான் வரும். வடசேரியில் பெயின்ட் கடை வைத்திருக்கும் சுயம்பு பலமுறை பெண் கேட்டுவிட்டான். பூங்கனிக்கும் அவன்மேல் மனசு. "நல்ல பையனாக்கும், ஆனா யோகம் அடுத்த வருஷம்தானே" என்று ஒவ்வொரு தடவையும் காபி கொடுத்து அனுப்பினார் தாணுலிங்கம்.

இந்த ஆடியில் சுயம்புவின் அம்மாவுக்குப் பொறுமை தீர்ந்தது. ஆவணி பிறந்ததும் தக்கலையில் பார்த்திருக்கும் பெண்ணுக்குச் சம்மதம் சொல்லிவிடப்போவதாகத் தகவல் வந்தது.

ரிப்பனுக்கு மை விட வந்த இஸ்ரவேலைப் பூங்கனி மடக்கினாள். அப்பா சாப்பிடப் போயிருந்த நேரம்.

"அண்ணே, அந்தப் பேட்டரியத் திரும்பப் போட்டுத் தாங்க."

"போட்டா புரோகிராம் செத்துரும் மக்கா. அடுத்து உங்கப்பன் என்னையக் கொன்னுருவாரு."

"எனக்கு முப்பது வயசு. இந்தப் பெட்டிக்க முன்னால மட்டும் இருபது. எத்தன வருஷம் நான் இருபதுலயே நிப்பேன்?"

"நடிகைமாரு கேட்டா பொறாமப்படுவாளுக."

"தமாஷா இருக்கா உங்களுக்கு?"

"ஓடிப்போயிருக்கலாம்லா, ஏட்டி?"

"எந்த பஸ்ஸுல ஏற? கண்டக்டர்ல இருந்து டிரைவர் வரைக்கும் அப்பாவுக்க கஸ்டமராக்கும். நாள் நல்லா இல்லன்னு எறக்கி விட்டுருவாங்க."

இஸ்ரவேல் தாடையைச் சொறிந்தான். புரோகிராம் திறக்கும்போது மட்டும்தான் தேதியைப் பார்க்கும். திறந்த பிறகு கடிகாரத்தை மாற்றினால் பூட்டுக்குத் தெரியாது. அச்சு மட்டும் சரியான தேதியில் வரும். மறுநாள் காலையில் மிஷின் வழக்கம்போல மறந்துவிடும். அவனுக்கு இது நியாயமாகவே பட்டது. ஜாதகக்காரனுக்கு வேலை பார்ப்பதற்காக வீட்டில் அவன் மனைவி நேசபாய் தினமும் ஜெபத்தில் அவன் பெயரைச் சேர்க்கிறாள். ஒரு நல்ல காரியம் கணக்கில் இருக்கட்டும்.

நட்சத்திர நாளன்று கடையில் ஊதுபத்திப் புகை மண்டியது. கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருந்தது. சந்தனம் இடும்போது போன வருடம் சி.டி. போடும் வாய்க்குள்ளும் கொஞ்சம் இட்டதால் அது நிரந்தரமாக மூடிக்கொண்டிருந்தது. ரிப்பன் சரிபார்க்கிற சாக்கில் இஸ்ரவேல் புரோகிராமைத் திறந்து, கடிகாரத்தை 2010 ஆடிக்கு நகர்த்திவிட்டு, நல்ல பிள்ளைபோல ஸ்டூலில் உட்கார்ந்தான். பிரின்டர் கரகரவென்று இழுத்தது. தாணுலிங்கம் தாளைக் கிழித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, வில்லுப்பாட்டுக்காரர்போல நீட்டி வாசித்தார்.

"நடப்பு வயது முப்பது."

நிறுத்தினார். பூங்கனியை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது என்பது அவருக்கே புதுச் செய்தி மாதிரி இருந்தது. மேலே வாசித்தார்.

"கணவரின் முன்கோபம் தணியும். மாமியாருடன் இருந்த மனத்தாங்கல் நீங்கும். மூத்த பிள்ளை கல்வியில் சிறப்பான். இளைய பிள்ளைக்குப் பல் முளைப்பதில் சிறு தாமதம் உண்டு. கவலை வேண்டாம்."

ஸ்டூலிலிருந்து இஸ்ரவேல் பாதி எழுந்துவிட்டான். இதை அவன் எதிர்பார்க்கவில்லை. மென்பொருள் எழுதியவனுக்கு முப்பது வயதில் கல்யாணமாகாத பெண் ஒருத்தி இருப்பாள் என்கிற கற்பனையே இல்லை. வயதைப் பார்த்துப் புருஷனையும் பிள்ளைகளையும் தானே சேர்த்துவிடுகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறான், பாவி.

தாணுலிங்கம் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். அவர் முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. மகள் பொய் சொல்லியிருக்க வேண்டும், இல்லை மிஷின் பொய் சொல்லியிருக்க வேண்டும். மகள் பொய் சொன்னால் விஷயம் வீட்டோடு போகும். மிஷின் பொய் சொன்னால் போர்டு, பட்டம், ஒன்பது வருடமாக நாகர்கோவிலுக்குக் கொடுத்த ஜாதகம் அத்தனையும் போகும். முடிவெடுக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"ஏட்டி, எவனாக்கும் அவன்?"

பூங்கனி திகைத்து இஸ்ரவேலைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். அவளுக்குத் திடீரென்று தைரியம் வந்தது.

"வடசேரி சுயம்புதான்."

"எப்பவாக்கும் கெட்டினே?"

"இன்னும் கெட்டல்லப்பா."

"கெட்டல்லியா? பின்ன பிள்ளைகள எங்கட்டீ வச்சிருக்க?"

"பிள்ளையும் இல்ல!"

"பல்லு முளைக்குன்னு போட்டிருக்குட்டீ! பிள்ள இல்லாம பல்லு மட்டும் தனியா முளைக்குமா?" அவர் தாளை இஸ்ரவேலின் மூக்குக்கு நேரே ஆட்டினார். "நீரு சொல்லும் வேய். உம்ம மிஷினுதானே?"

"எனக்க மிஷினா? மாலை போட்டது நீங்கதானே, அண்ணாச்சி." இஸ்ரவேல் தாளை மூக்கிலிருந்து விலக்கினான். "மிஷினு தப்பா சொல்லாது. கிரகம் அதுக்க பாட்டுக்கு முன்னால போயிருச்சு. மனுசருதான் பொறவால நிக்கோம். ரெண்டு பிள்ளைக்கு உள்ள நேரம் ஆயாச்சு, இங்க மாப்பிள்ளையே வரல்ல."

தாணுலிங்கம் இந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் சாம்ராட் திரும்பி வந்தார்.

"நானும் அதைத்தான் சொல்லவந்தேன். கிரகத்துக்க வேகம் அப்பிடி." சட்டைப் பையைத் தடவினார். "சுயம்புக்க நம்பர் என்னட்டீ? எடுத்துத் தா. ரெண்டு பிள்ள பாக்கி நிக்குல்லா?"

ஆவணி இரண்டாவது முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. தக்கலைப் பெண்ணுக்கு வேறு நல்ல இடம் அமைந்ததாகக் கேள்வி. மணமேடையில் தாணுலிங்கம் சம்பந்தியம்மாளின் கையில் இரண்டு வெள்ளி அரைஞாண் கயிறுகளைக் கொடுத்தார். ஒன்று கைக்குழந்தை அளவு. இன்னொன்று பள்ளிக்கூடம் போகிற பையன் அளவு.

"இது என்னத்துக்கு, சம்பந்தி?" என்று அந்த அம்மாள் விழித்தாள்.

"வச்சிருங்க. மூத்தவன் நல்லாப் படிப்பான்."

மறுவாரம் கடை திறந்தார். பெட்டியைப் போட்டால் திரை நடுவழியில் நின்று எதையோ கேட்டது. இத்தனை வருடத்தில் அது என்ன கேட்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை. பூங்கனிக்குப் போன் போட்டார். "எஃப்-ஒன் அமுக்குங்கப்பா" என்றாள். அமுக்கினார். புத்தாண்டு பிறந்தது. கைராசிக்கு முதலில் மகள் ஜாதகத்தையே அச்செடுத்தார்.

இஸ்ரவேலின் போன் அலறியது.

"வேய், இங்க ஓடி வாரும்! நடப்பு வயசு இருபதுன்னு வருகு! இந்த வருஷம் கல்யாண யோகம் இல்லியாம்! மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து பிள்ளையத் திருப்பிக் கூட்டிட்டு வரணுமா?"

மாவு மில்லில் மெமரியைத் தேய்த்துக்கொண்டிருந்த இஸ்ரவேல் ரப்பரைக் கீழே வைத்தான். "அண்ணாச்சி, கடையில யாரும் நிக்காவளா?"

"ஒருத்தரும் இல்ல."

"மஞ்சள் இருக்கா?"

மறுமுனையில் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டது. தாணுலிங்கம் இந்தத் தடவை மூலையோடு நிறுத்தவில்லை. முதல் வரியில் தொடங்கி, தாள் முழுவதும் மெழுகினார்.