வெந்நீர் ஊற்றிய வருடம்

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை. கம்போங் ராஜா ஊருக்கு மேலேயுள்ள மலைத் தேயிலைத் தோட்டத்து முனியாண்டி கோயிலில் திருவிழா. காலை எட்டு மணிக்குப் பதினாறு டிகிரி.

கிடாயின் கயிறு சிவசாமியின் கையில் இருந்தது. போன வருடம் திரிங்காப் இறக்கத்தில் அவர் ஓட்டிய தோட்டத்து லாரிக்குப் பிரேக் பிடிக்காமல் போனது. மண்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டுக் கீறலில்லாமல் இறங்கியபோது அவர் வாயில் வந்த முதல் பெயர் முனியாண்டி. அன்றைக்கே நேர்ந்துகொண்ட கிடாய் இது. தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயத்துக்குப் பின்னால் தழை ஒடித்துப் போட்டு அவரே வளர்த்தது. உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அடுப்பில் சட்டி ஏறக் காத்திருந்தது.

வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பூசாரி இருளப்பன் கிடாயின் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். அது உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிலிர்க்காத கிடாயை வெட்டக்கூடாது. சிவசாமிக்கு நினைவு தெரிந்து இங்கே சிலிர்க்காத கிடாய் ஒன்றுகூட இல்லை. லயத்துக்காரர்களுக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு.

இருளப்பன் செம்பை எடுத்தபோது சிவசாமியின் மகள் தனுஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஈப்போவில் மிருக வைத்தியரிடம் வேலை பார்ப்பவள்.

“பெரியப்பா, அது குழாய்ல புடிச்ச தண்ணியா?”

“ஆமாம்மா. ஏன்?”

“இந்தக் குளிர்ல அத ஒங்க முதுகுல ஊத்துனா நீங்களும்தான் சிலிர்ப்பீங்க. ஒங்களையும் வெட்டிரலாமா?”

யாரோ சிரித்தார்கள். அவளுடைய தாய்மாமன் கந்தசாமிக்குச் சிரிப்பு வரவில்லை.

“மச்சான், ஒங்க மக ஆட்டுக்கு லாயர் ஆயிட்டா லா. நேத்து கோழிப் பிரட்டல் யாரு சாப்புட்டது?”

“கோழிகிட்ட நான் உத்தரவு கேட்டேன்னு சொல்லலியே மாமா. ஆட்டுகிட்ட கேக்குறதா நீங்கதான் சொல்றீங்க. கேட்டா ஒழுங்கா கேளுங்க. சுடுதண்ணி கலந்து ஊத்துங்க.”

சிவசாமிக்குக் காது சுட்டது. உயிரைக் காத்த சாமியின் முன்னால் வெறுங்கையோடு நிற்க நேருமோ என்று பயந்தார். இரண்டு சுவெட்டருக்குள்ளும் தன் உடம்பு குளிரில் நடுங்குவது அப்போதுதான் தெரிந்தது. மகளைப் பார்த்தார். நூறு பேருக்கு முன்னால் குரல் பிசிறாமல் நின்றிருந்தாள். மேனேஜர் முன்னால் ஒருநாளும் அவர் அப்படி நின்றதில்லை. நெஞ்சு நிமிர்ந்தது.

“சுடுதண்ணி கொண்டாங்க,” என்றார்.

“வேணாம் சிவசாமி. சிலிர்க்கலன்னா ஒன் நேர்த்தி நின்னுரும்,” என்றார் இருளப்பன்.

“நிக்கட்டும்ண்ணே. என்னைக் காப்பாத்துன சாமிய நான் ஏமாத்த மாட்டேன்.”

வெதுவெதுப்பான தண்ணீரை மூன்று முறை ஊற்றினார்கள். கிடாய் தலையைத் திருப்பி, தன் கழுத்து மாலையிலிருந்து ஒரு சாமந்தியைக் கடித்துத் தின்றது.

“காதுல ஊத்துங்கண்ணே, ஒதறிரும்,” என்றார் கந்தசாமி.

“கேட்டாச்சு மச்சான்,” என்று சிவசாமி கயிற்றை அவிழ்த்தார்.

சட்டியில் சாம்பார் கொதித்தது. பந்தியில் முணுமுணுப்பு இருந்தது. சிவசாமி வாளியைத் தூக்கி, முதல் கரண்டியைத் தனுஜாவின் இலையில் ஊற்றினார்.

அடுத்த வருடத் திருவிழாவிலும் வெந்நீர்தான். இரண்டு கிடாய்கள் வந்தன. ஒன்று சிலிர்த்தது, வெட்டினார்கள். மற்றது சிலிர்க்கவில்லை.