மாஸ்க்கில் ஒட்டிய கிரீம்

என் வீட்டுக்காரருக்கு வாயைவிடக் கை வேகம். பேக்கரிக்காரர்களுக்கென்றே உள்ள வியாதி அது. கேக் ஆறியதும் மேலே உப்பி நிற்பதையும் ஓரத்தையும் கத்தியால் சீவிச் சமமாக்க வேண்டும். சீவிய துண்டுகள் ட்ரேயில் விழும். விழுவதற்கு முன்பே ஒன்று அவர் வாய்க்குள் போயிருக்கும். கேட்டால், "நான் எங்க தின்னேன்?" என்பார். பொய் இல்லை, அவருக்கே தெரியாது.

இத்தனை வருஷமும் நான் அதைக் கண்டுகொண்டதில்லை. நாத்தனாருக்கு ஈரல் கெட்டுப்போன பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாத்தனார் என்றால் அவருடைய அக்கா, நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் ஏட்டிக்குப் போட்டிதான். நான் வைத்த குழம்பில் உப்பு சரியாக இருந்தது என்று அண்ணி ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, சோபாவில் சுருண்டு கிடந்தவரைப் பார்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. சண்டை போடவாவது ஆள் வேண்டாமா?

மாற்று ஈரல்தான் வழி என்றார்கள். சொந்தத்தில் பொருந்தியது தம்பியின் ஈரல் ஒன்றுதான். அதில் ஒரு பகுதியை வெட்டி வைத்தால் இரண்டு பேருக்கும் வளர்ந்துகொள்ளுமாம். இவர் யோசிக்கவே இல்லை, கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். டாக்டரம்மா பேனாவைத் தரவில்லை, ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

"உங்க ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. இப்படியே வெட்டுனா உங்களுக்கும் ஆபத்து, அவங்களுக்கும் பிரயோஜனம் இல்ல. இனிப்ப விடுங்க, நல்லா நடங்க. விடுமுறை முடிஞ்சதும் திரும்ப எடுத்துப் பாப்போம். அதுக்கு மேல அவங்க தாங்க மாட்டாங்க."

விடுமுறை முடிந்ததும்! ஊரே லீவு போட்டுக் கேக் தின்னும் காலம் அது. வருஷத்தில் பாதி வியாபாரம் எங்களுக்கு அப்போதுதான். மலைபோலக் கேக், மலைபோலச் சீவல். அதன் நடுவில் இவரை நிற்கவைத்து, தின்னாதே என்றால் நடக்கிற காரியமா?

கையைக் கட்டினால் வேலை ஓடாது. அதனால் வாயைக் கட்டினேன். கெட்டித் துணியில் வெள்ளை மாஸ்க் தைத்து, காலையில் கடை திறக்கும்போதே மாட்டிவிட்டேன்.

"மூச்சு முட்டுதுடி."

"முட்டட்டும். அக்காவுக்கு முட்டுறத விடவா?"

அவர் மாஸ்க்கை இழுத்துச் சரிசெய்துகொண்டார். ருசி பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஸ்கூட்டர் சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஆர்டர் பெட்டிகளை இருவரும் நடந்தே கொண்டுபோய்க் கொடுத்தோம். லிஃப்ட் இருந்தாலும் படிதான். போன வீட்டிலெல்லாம், "நல்ல நாளும் அதுவுமா ஒரு வாய் சாப்பிடாம போறதா?" என்று தட்டை நீட்டுவார்கள். "இவருக்கு வயித்தால போகுது" என்று நான் முந்திக்கொள்வேன். நீட்டிய தட்டு சட்டென்று உள்ளே போய்விடும். இவர் மானம் கப்பலேறியது, எனக்கென்ன? அவர் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். ருசி பார்த்த எனக்கோ சட்டைப் பித்தான் தெறித்தது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சீசனின் கடைசி நாள் கூட்டம் நெரித்தது. நான் கல்லாவை விட்டு அசையவில்லை, அவர் கேக் மேஜையை விட்டு அசையவில்லை. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு மாஸ்க்கைத் துவைக்க எடுத்தேன். வெளிப்பக்கம் கிரீம் ஒட்டியிருந்தது. அது தினமும் உள்ளதுதான். திருப்பினேன். உள்பக்கமும் கிரீம். உதடு படுகிற இடத்தில் சாக்லேட்டும் கேக் துகளும் அப்பிக் கிடந்தன.

நாளைக்குக் காலையில் ஸ்கேன்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

அவர் மாஸ்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் தின்னல. வெளிப்பக்கம் பிசுபிசுன்னு ஆயிடுச்சு. வேற மாஸ்க் எடுக்க நேரமில்ல. திருப்பி மாட்டிக்கிட்டேன்."

"யார் காதுல பூ சுத்துறீங்க?"

"சத்தியமாடி."

"பேசாதீங்க. கூடப் பொறந்தவ அங்க உசுரக் கையில புடிச்சிட்டுக் கிடக்கா. ஒரு கேக் துண்டு பெருசாப் போச்சா?"

அவர் ட்ரேக்களைக் கழுவப் போய்விட்டார். மறுநாள் ஆஸ்பத்திரி வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேதான் போனோம். அந்த மாஸ்க்கைத் துவைக்காமல் பையில் போட்டுக்கொண்டேன். கொழுப்பு குறையவில்லை என்று டாக்டரம்மா சொன்னால், இதோ பாருங்கள் லட்சணத்தை என்று மேஜைமேல் எடுத்துப் போடுவதாக இருந்தேன். கோபம் பாதி, பயம் பாதி. அண்ணி முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் மனசெல்லாம்.

அண்ணி வராந்தாவில் சக்கர நாற்காலியில் இருந்தார். மெலிந்து, சால்வைக்குள் பாதியாகத் தெரிந்தார். எங்களைப் பார்த்ததும், "என்ன, ரெண்டு பேரும் ஆளுக்கொரு திசையப் பாக்குறீங்க?" என்றார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். என் உயிர் என்னிடத்தில் இல்லை.

"கொழுப்பு நல்லா இறங்கியிருக்கு. தாராளமாக் குடுக்கலாம். விடுமுறைக்கு எல்லாரும் ஏத்திக்கிட்டு வருவாங்க, நீங்க எப்படிக் குறைச்சீங்க?"

இவர் என்னைக் கைகாட்டினார். என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல இருந்தது.

வெளியே வந்ததும் அவர் சொன்னார், "அக்கா, தேறிட்டேன்."

"பள்ளிக்கூடத்துலதான் தேறல, இதுலயாவது தேறுனியே" என்றார் அண்ணி. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. சால்வை நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை நான் அந்தக் கையைப் பிடித்ததே இல்லை.

அழுது முடித்த பிறகு கைக்குட்டை தேடினார். என் பையைத் துழாவி, கையில் வந்த துணியை நீட்டினேன். அது மாஸ்க்.

"என்ன கருமம்டி இது?"

மறைக்க முடியுமா? திருட்டுத்தனம் என்று நான் சந்தேகப்பட்டது, காது கொடுத்துக் கேட்காமல் திட்டியது, எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணி மாஸ்க்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் விரல் தடம் மேல் விரல் தடம். வெண்ணெய், கிரீம், சாக்லேட், ஒன்றின்மேல் ஒன்று.

"ஒரே நாள்லயா இவ்வளவு?"

"கை அதுபாட்டுக்குப் போவுதுக்கா. நான் என்ன பண்ண?" என்றார் இவர். "ஒவ்வொரு தடவையும் துணில இடிக்கும். இடிச்ச உடனே உன் மூஞ்சி ஞாபகத்துக்கு வரும். கீழ போட்டுருவேன்."

அண்ணி மாஸ்க்கை மடியில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"என் மூஞ்சிய நெனச்சா எவனுக்குடா திங்கத் தோணும்?"

முதலில் சிரித்தது நான்தான். நர்ஸ் வந்து, "சத்தம் போடாதீங்க" என்று சொன்ன பிறகும் எங்கள் மூவராலும் நிறுத்த முடியவில்லை.