அடையாளச் சொல்

"கடைசித் தண்ணி. தலைப்பக்கமா ஊத்து ஆஷிக்" என்றார் அத்தாவின் அண்ணனான பெரியத்தா.

ஆஷிக் சொம்பைச் சாய்த்தான். கற்பூரம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர் இறந்துபோன அத்தாவின் நெற்றியில் விழுந்து காதோரமாக இறங்கியது. மேலே விரித்திருந்த துணி நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது.

தம்பி ஃபைஸான் மறைப்புத் துணிக்கு வெளியே நின்று குரல் கொடுத்தான். "அண்ணே, பரமத்தி வேலூர்ல இருந்து ஒருத்தர் வந்திருக்காரு. அத்தாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவராம். பேரு கண்ணுசாமி."

சொம்பு நழுவிச் சிமெண்டுத் தரையில் உருண்டது.

"மெதுவாடா, மெதுவா" என்றார் பெரியத்தா. பையனுக்குத் துக்கம் தாளவில்லை என்று நினைத்துக்கொண்டார். துக்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் பெயரை ஆஷிக் நேற்றே பார்த்துவிட்டான். நேற்று முற்பகல் சென்னையில், தன் போன் திரையில்.

அத்தா ரஹமத்துல்லாவுக்கு மூத்த மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. சேலத்தில் லாரிகளுக்கு பிரேக் சாமான் விற்கிற மனுஷன். மகன் ஆட்டோமொபைல் படித்து, கார் கம்பெனியில் பிரேக்கைச் சோதிக்கிற இன்ஜினியர் ஆனால் சும்மா இருப்பாரா! டீக்கடையில் முன்பின் தெரியாதவரிடம்கூட "உங்க காரு சொன்ன எடத்துல நிக்குதுன்னா எம்மவன் தயவு" என்பார். அப்புறம் காருக்குள் கம்ப்யூட்டர் புகுந்தது. எங்கோ உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் ஓடுகிற வண்டியின் பிரேக்கைச் செயலிழக்க வைக்கலாம் என்றானது. அதைத் தடுக்கிற வேலைக்கு மாறிய ஆஷிக், இணையப் பாதுகாப்பிலேயே ஊறிப்போய், இப்போது ஒரு பெரிய வங்கியில் அந்தத் துறைக்கே தலைவன். அத்தாவுக்கு அது தொண்டையில் இறங்கவே இல்லை. "பிரேக் இன்ஜினியரப் பெத்தேன், வாட்ச்மேனாப் போயிட்டான்" என்று ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது ஆஷிக் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னான். இப்போதெல்லாம் திருடர்கள் நாம் பேசுகிற குரலையே நகல் எடுத்துவிடுகிறார்கள். தெரியாத நம்பரிலிருந்து நம்ம ஆள் குரலில் யாராவது அழுதால் நம்பாதீர்கள். நமக்குள் ஒரு சொல் இருக்கட்டும். அதைக் கேளுங்கள், சொல்லவில்லையென்றால் வைத்துவிட்டு, அவருடைய சொந்த நம்பருக்குப் போடுங்கள்.

"அப்ப நானே சொல்றேன்டா அந்த வார்த்தைய. ஹேண்ட்பிரேக்! நீ விட்டுட்டுப் போனாலும் நான் விடமாட்டேன்" என்றார் அத்தா. பிரியாணித் தட்டோடு எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மஸ்தான் பீவிக்குப் புரையேறியது. மகனின் புது வேலையை அத்தா ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். ஆஷிக்குக்கு அன்று இருந்த சந்தோஷம் பதவி உயர்வு வந்தபோதுகூட இருந்ததில்லை.

நேற்று அந்த அழைப்பு வந்தபோது, அழைப்பவர் பெயரைச் சொல்லும் செயலி திரையில் 'கண்ணுசாமி' என்று காட்டியது. தெரியாத ஆள். எடுத்தான்.

"ஆஷிக்கு... அத்தாடா. நெஞ்சு அடைக்குது..."

அத்தாவின் குரலேதான். ஆனால் குரல் ஓர் அத்தாட்சியே அல்ல என்று முந்தின வாரம்தான் ஒரு மண்டபம் நிறைந்த மேலதிகாரிகளுக்கு அவன் பாடம் நடத்தியிருந்தான்.

"அந்த வார்த்தையச் சொல்லுங்க."

"என்ன வார்த்தடா... அம்மாவ..."

"வார்த்தையச் சொல்லுங்க மொதல்ல."

மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டான். அந்த நம்பரைத் தடுப்பில் போட்டான். அத்தாவின் போனுக்கு அடித்தால் அணைந்திருந்தது; என்றைக்கு அது சார்ஜோடு இருந்தது? அம்மாவைக் கூப்பிட்டான். "வேலூருல ஒரு கல்யாண வீடுடா, நல்லாத்தான் கெளம்பிப் போனாரு. ஏன்டா?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா" என்றான். அதோடு விட்டானா? அடுத்த கூட்டத்தில் அந்தக் கதையையே எடுத்துக்காட்டாகச் சொன்னான். எல்லாரும் மெச்சித் தலையாட்டினார்கள். அத்தாவின் சட்டைப் பையில் இருந்த கடை அட்டையைப் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தகவல் வந்தது அதற்கப்புறம்தான்.

ஈரக் கைலியோடு ஆஷிக் வெளியே வந்தான். கண்ணுசாமி அத்தாவின் மஞ்சப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணவனை இழந்து நேற்றிலிருந்து இத்தாவில், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் அம்மா, அறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"கடைசியா என்ன சொன்னாரு தம்பி?"

"வாழத்தார் ஏத்திக்கிட்டு வந்தேனுங்கம்மா. பஸ் ஸ்டாப்புல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாருங்க. வண்டில ஏத்திக்கிட்டேன். எம்போன வாங்கி அவுரே யாருக்கோ போட்டுப் பேசுனாருங்க. அவுங்க பாதிப் பேச்சுல வெச்சுப்போட்டாங்க. மறுக்கா நாம் போட்டேன், போவவே இல்லீங்க." அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார். "அப்பறம் வழி நெடுக ஹேண்ட்பிரேக்கு, ஹேண்ட்பிரேக்குன்னே சொல்லிக்கிட்டு வந்தாருங்க. வண்டி பிரேக்கு புடிக்காதோன்னு பயப்படறாராக்கும்னு நெனச்சு, 'பிரேக்கு நல்லாப் புடிக்குதுங்க, பயப்படாதீங்க சாமி'ன்னேன்."

ஃபைஸான் தலை குனிந்துகொண்டான். திரைக்குப் பின்னால் தஸ்பீஹ் மணி உருளும் சத்தம் நின்றது.

"அந்த நம்பரு இருக்கா தம்பி?"

"இருக்குதுங்க."

"போடுங்க."

கண்ணுசாமி போட்டார். "போவ மாட்டீங்குதுங்கம்மா. நேத்தும் இப்பிடித்தான்."

"சரி. விடுங்க" என்றாள் அம்மா. அவள் குரலில் அழுகை இல்லை.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கண்ணுசாமி வேலூருக்குப் போய்விடுவார். யாரோ ஒரு பாவி பேசாமல் வைத்துவிட்டான் என்று குடும்பம் ஆயுசுக்கும் திட்டும், அவனும் கூடச் சேர்ந்து திட்டலாம். ஆஷிக் ஜன்னல் மேல் வைத்திருந்த தன் போனை எடுத்தான். ஈர விரலுக்குத் திரை அசையவில்லை. கைலியில் துடைத்துத் துடைத்து, ஒருவழியாகத் தடுப்பை நீக்கினான்.

"இன்னொரு தரம் போடுங்கண்ணே."

அவன் கையிலேயே மணி அடித்தது.

கண்ணுசாமி அவனைப் பார்த்தார், போனைப் பார்த்தார். திரை விலகி, வளையல் கழற்றிய கை ஒன்று வெளியே நீண்டது. ஆஷிக் போனை அதில் வைத்தான். கை உள்ளே போனது. உள்ளே இரண்டு தடவை அடித்து, சத்தம் நின்றது.

"எடுத்துட்டாங்க" என்றார் கண்ணுசாமி, மெல்ல.

திரைக்கு அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை.

"ஆஷிக், கபன் துணி போடணும், வா" என்று பெரியத்தா கூப்பிட்டார். ஆஷிக் நகரவில்லை. கண்ணுசாமி காதில் வைத்த போனை எடுக்காமல் அப்படியே நின்றார்.