வாய்க்குள் போன ஸ்தோத்திரம்

செல்போனில் மூன்று சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. திருமங்கலத்துச் சித்தப்பாவுக்கு இன்னும் தகவல் சொல்லவில்லை. சாலமோன் கூட்டத்துக்குள் குனிந்து போய், சுவரோரம் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் சார்ஜரைச் செருகினான். எழவு வீட்டிலும் தனக்கு மூளை வேலை செய்கிறதே என்று லேசாகப் பெருமைகூடப் பட்டுக்கொண்டான்.

அரை மணி நேரம் கழித்து, பக்கத்து வீட்டு முனீஸ்வரி கேட்டாள்.

"ஏண்ணே, பெட்டி சத்தத்தையே காணோம்?"

பிடுங்கியது ஐஸ் பெட்டியின் பிளக். பெட்டிக்குள் அவனுடைய அக்கா தங்கப்பொண்ணு. கண்ணாடி மூடிக்கு மேல் நீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஞானிக்குரிய பெயரை இவனுக்கு வைத்த அப்பாவின் விசுவாசம் பெரியதுதான். சாலமோன் பாய்ந்து போய் பிளக்கை மாற்றிச் செருகினான். பெட்டி உறுமியது. நிமிர்ந்தால், எதிரில் நாற்காலியில் மச்சான். அக்காவின் புருஷன் பாக்கியநாதன். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வேட்டியில் இல்லாத தூசியைத் தட்டினார்.

அக்கா இருந்திருந்தால் இதற்கும் சொல்லியிருப்பாள்: "நல்லவேள, முனீஸ் பாத்தா. ஸ்தோத்திரம்."

இல்லை, சொல்லியிருக்க மாட்டாள். அவன் முன்னால் சொல்லியிருக்க மாட்டாள். மூன்று வருஷமாகவே சொல்லவில்லை.

அதற்கு முன்னால் அக்கா ஒரு நாளைக்கு எத்தனை ஸ்தோத்திரம் சொல்வாள் என்பது கர்த்தருக்கே தெரியும். மாவு பொங்கினால் ஸ்தோத்திரம். சமயநல்லூர் ஸ்டாப்பில் பஸ் நின்றால் ஸ்தோத்திரம். மச்சானுக்குச் சுகர் பத்துப் பாயிண்ட் இறங்கினால் ஒன்று, ஏறாமல் அப்படியே நின்றாலும் ஒன்று. சத்தமாக, அடுப்படியிலிருந்து தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள்.

அக்கா மகள் பிளெஸ்ஸியின் கல்யாண வரவேற்பில் மைக் சாலமோன் கையில் இருந்தது. மைக் கிடைத்தால் அவன் மனுஷனாக இருப்பதில்லை. சேலை முந்தானைக்குப் பதில் துண்டை இழுத்துச் செருகிக்கொண்டு, அக்கா குரலில் ஆரம்பித்தான்.

"கரண்டு வந்துருச்சா, ஸ்தோத்திரம்! கரண்டு போயிருச்சா, வீட்ல மெழுகுவத்தி இருக்கு, ஸ்தோத்திரம்! மெழுகுவத்தி இல்லையா, எங்க வீட்டுக்காரரு மூஞ்சி தெரியல, ரெட்டை ஸ்தோத்திரம்!"

மண்டபமே உருண்டது. போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்திய வாய் பொத்தியதுதான். அடுத்த வாரம் அவன் அக்கா வீட்டுக்குப் போனபோது மாவு பொங்கிக் கிண்ணத்தைத் தாண்டி வழிந்தது. அக்கா பேசாமல் துணியை எடுத்துத் துடைத்தாள்.

அதைக்கூட அவன் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில்தான் உறைத்தது. கரண்டியால் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தான். விழுங்கினாள். உதடு பிரிந்தது, காற்று மாதிரி ஏதோ வந்தது. அவள் கண் அவன் மேல் விழுந்ததும் உதடு மூடிக்கொண்டது. மருந்து வாங்கப் போவதாகச் சொல்லி அவன் கீழே இறங்கிவிட்டான். வெள்ளிக்கிழமை விடிகாலையில் அக்கா போய்விட்டாள்.

இப்போது அவனுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். பிளெஸ்ஸியைத் தனியாக இழுத்துக் கேட்டான்.

"ஏத்தா, ஒங்க அம்மா ஸ்தோத்திரம் சொல்றத விட்டது நான் கிண்டல் பண்ணுனதுனாலயா?"

"அட போங்க மாமா. அம்மாவுக்கு நீங்கன்னா உசுரு" என்று அழுதாள். அது பதில் இல்லை.

போதகரிடம் கேட்டான். அவர் அவன் தோளில் கை வைத்து, "அக்கா இப்ப ஆண்டவர் சமுகத்துல இருக்காங்க தம்பி" என்றார். அங்கே இருப்பது அவனுக்கும் தெரியும். இங்கே இருந்தபோது என்ன என்பதுதான் கேள்வி. முனீஸ்வரியிடம் கேட்டதற்கு அவள், "காப்பி குடிச்சியாண்ணே?" என்றாள்.

மூன்றரைக்கு அடக்க ஆராதனை தொடங்கியது. தெருவை அடைத்துப் போட்ட சாமியானாவுக்குள் பாட்டும் வேதபாடமும் முடிந்ததும், குடும்பத்தார் சார்பில் நன்றி சொல்ல யார் என்று போதகர் சுற்றிப் பார்த்தார். எல்லாக் கண்ணும் சாலமோன் பக்கம் திரும்பியது. மைக் தானாக வந்து கைக்குள் உட்கார்ந்தது.

வந்தவர்களுக்கு, தூக்கப்போகிறவர்களுக்கு, பந்தல் போட்டவர்களுக்கு என்று வரிசையாகச் சொன்னான். கடைசியில், அக்கா அறுபத்திரண்டு வருஷம் இருந்ததற்காக என்று ஆரம்பித்து, மனசார, "ஸ்தோத்..." என்றான்.

முன்வரிசையில் சித்தப்பா மகன் சூர்யபிரகாஷ் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கல்யாண மண்டபம் ஞாபகம் வந்திருக்கும். சாலமோன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் அடுத்து ஒரு தமாஷ் வரும் என்று ஊருக்கே பழகிப் போயிருந்தது. பழக்கியது அவன்தான்.

வார்த்தையை முடிக்காமல் மைக்கைப் போதகரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தான். துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. பெண்கள் அழுதார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மூன்று பிடி மண் போட்டுக் கலைந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழாய். மச்சான் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தார். சாலமோன் அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"மச்சான், ஒன்னு கேப்பேன். மழுப்பக் கூடாது."

"கேளு."

"அக்கா ஸ்தோத்திரம் சொல்றத நிப்பாட்டுனது என்னாலயா?"

மச்சான் நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்துப் பார்த்து எடுத்தார்.

"நிப்பாட்டல. ஒன் முன்னாடி மட்டுந்தான் சொல்லல. ஒன் வண்டிச் சத்தம் கேட்டா வாய மூடிக்கிருவா."

"வருத்தமா?"

"வருத்தந்தான் மாப்ள. இல்லைன்னு பொய் சொல்லச் சொல்றியா? அம்புட்டு பேரு முன்னாடி. அன்னைக்கு ராத்திரி சாப்பிடல அவ. நானும் சிரிச்சேன்ல, என்கிட்டயும் ரெண்டு நாள் பேசல."

குழாய் தண்ணீர் சிமெண்ட்டில் விழுந்து தெறித்தது. சாலமோனுக்கு ஒரு தமாஷும் வரவில்லை.

"ஆஸ்பத்திரியில தண்ணி குடுத்தப்பவும்..."

"ஆமா. ஒன்னப் பாத்துட்டு முழுங்கிட்டா. நீ கீழ எறங்கிப் போனேல்ல, அப்பறம் என்கிட்ட சொன்னா."

"என்னான்னு?"

"தம்பி கையால தண்ணி குடிச்சேன், ஸ்தோத்திரம்னு."

மச்சான் நகர்ந்து வழி விட்டார். சாலமோன் குனிந்து கையைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான். நிமிர்ந்தபோது மச்சான் கேட்டைத் தாண்டி, செருப்பில் ஒட்டிய மண்ணை ரோட்டோரக் கல்லில் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார். கை துடைக்கத் துணி ஒன்றும் இல்லை. ஈரக் கைகள் இரண்டையும் சட்டையில் படாமல் முன்னால் நீட்டியபடியே அவன் அவரை நோக்கி நடந்தான்.