கண்ணுக்குள் ஒரு மஞ்சள் பை

தாராவியில் தோல் பை தைக்கும் அபுதாஹிருக்கு அன்று காலை ஒரே வேலைதான். மெட்ராஸ் வண்டியில் தாதர் ஸ்டேஷனுக்கு வரும் மாமியாரைப் பத்திரமாக வீடு சேர்க்க வேண்டும். மாமிக்கு இந்தி தெரியாது. பம்பாய்க்கு வருவது இதுதான் முதல் தடவை. நிறைமாதமாயிருந்த மனைவி சைனப் வாசலில் நின்று சொல்லியனுப்பினாள்: "உம்மா இல்லாம வந்திய, கதவத் தொறக்க மாட்டேன்."

நிக்காஹ் கூட்டத்தில் ஒரே முறை பார்த்த முகம் அவனுக்கு நினைவில்லை. இருந்தால் என்ன, அவன் தைத்து ஊருக்கு அனுப்பிய மஞ்சள் பையோடுதானே வருகிறார். "மஞ்சள் பை, மஞ்சள் பை" என்று வழியெல்லாம் மனசுக்குள் ஓதிக்கொண்டே போனான். ஓதிய ஓதலில், சைனப் சொன்ன ரயில் பெட்டி நம்பர் எங்கேயோ நழுவி விழுந்துவிட்டது.

மனசு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ, கண் அதற்குத்தான் ஏவலாள். வண்டி வந்ததும் உலகமே மஞ்சளாயிற்று. எலுமிச்சைக் கூடை, ஸ்டேஷன் பெயர்ப் பலகை, ஒரு குழந்தையின் குல்லாய் என்று ஒவ்வொன்றும் அவனைக் கையைப் பிடித்து இழுத்தது. முகங்கள் மட்டும் தண்ணீராய் ஓடிப்போயின.

கூட்டம் வடிந்தது. மாமியைக் காணோம். வியர்த்துப்போய், "யா அல்லாஹ்" என்று திரும்பினால், படியருகே அவன் தைத்த பை. ஓடிப்போய்ப் பிடித்தான்.

"வாங்க மாமி, குடுங்க."

"யாருக்குய்யா மாமி? பைய விடும்," என்றாள், நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த அகிலாண்டம். மாட்டுங்காவில் மகன் வீட்டுக்குப் போகிறவள். அவன் பையைக் காட்டித் திக்கித் திணறிச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரயில்ல என் சாக்கு கிழிஞ்சு அரிசியெல்லாம் சிந்திட்டு. ஒரு அம்மா தன் சாமானை மூட்டை கட்டிக்கிட்டு இந்தப் பைய எனக்குத் தந்துட்டாக. அந்தா உக்காந்திருக்காகளே."

பெஞ்சில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஓர் அம்மாள். அந்த பெஞ்சை அவன் மூன்று தடவை கடந்திருந்தான்.

"ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா மாமி?"

"மாப்ளையப் பேரு சொல்லிக் கூப்பிடுவாகளா? இருமிக்கூடப் பாத்தேன். நீங்க என் கையத்தான் பாத்திய, மொகத்தப் பாக்கல."

அபுதாஹிர் இப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தான். சைனபின் அதே கண்கள். பை போய்விட்டதே என்ற வருத்தம் அவற்றில் துளியும் இல்லை. தான் தைத்த பை போய்ச் சேர வேண்டிய கைக்குத்தான் போயிருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது.

"மூணு தடவ தாண்டிப் போனத சைனப்கிட்ட சொல்லிராதிய மாமி."

"நானாச் சொல்ல மாட்டேன் மாப்ள," என்று மாமி மூட்டையை நீட்டினார். "அவ கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்."