தணிக்கை மேசையில் ஒரு பூசணிக்காய்

சிறுவர் புத்தகத்துக்கு ஒரு படம் போடப்போய், தணிக்கை அலுவலகத்துக்கு நடந்து நடந்து ஓவியருக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். முதலில் ஆமை வரைந்தார். “மெதுவா போகுதே, அரசாங்கத்தைச் சொல்றீங்களா?” என்றார் அதிகாரி. முயலாக மாற்றினார். “யாருக்குப் பயந்து ஓடுது?” என்றார். சனியன் விட்டால் போதும் என்று இன்று ஒரு பூசணிக்காயை வரைந்து வந்து நீட்டினார்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “இது அமைச்சரோட தொப்பைதானே?”

ஓவியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஐயா, உங்களுக்கு இருக்கிற கற்பனையில பாதி எனக்கு இருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்!”

அதிகாரியின் முகம் வெளிறியது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“மெதுவா பேசுங்க. நான் பிள்ளைகுட்டிக்காரன். எனக்குக் கற்பனை இருக்குன்னு மேலிடத்துக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்.”