எட்டுத் துண்டு சீஸ் ரொட்டி

எங்கள் எஸ்டேட்டின் ஏழு தொழிலாளர் லயங்களுக்கும் பகுத்தறிவைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான்தான். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. இடுக்கி மலையிலிருந்து இறங்கி, பாலக்காட்டில் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கறியைத் தொடாத என் சனங்களைப் பற்றி விடுதியின் கையெழுத்துப் பத்திரிகையில் 'கோழியின் நன்றியுரை' என்று ஒரு கட்டுரை எழுதினேன். வெள்ளிக்கிழமை உயிர் தப்பி ஞாயிற்றுக்கிழமை குழம்பாகிற கோழி, இடையில் கிடைத்த இரண்டு நாள் அவகாசத்துக்காகத் திருச்சபைக்கு நன்றி கூறுவதாக. விடுதியே சிரித்தது. அந்தச் சிரிப்பின் சூடு ஆறுவதற்குள் படிப்பு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன்.

அப்பா கபிரியேல், மேனேஜரான வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பட்லர். அம்மா அன்னமேரி கொழுந்து எடுப்பவள். துரை கிளப்புக்குப் போகாத சாயங்காலங்களில் கணப்பின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து கிளாஸைக் கையில் எடுப்பார். முதல் மடக்கு உள்ளே இறங்குவதற்குள் சீஸ் ரொட்டி ஒரு தட்டு சூடாக வந்துவிட வேண்டும். பதினெட்டு வருடம் அந்தத் தட்டைக் கொண்டுபோய் வைத்தவர் அப்பா. பங்களாச் சமையலறையிலிருந்து ஒரு துணுக்கு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். மிச்சம் விழுந்தால் பின்புறத்துக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளி மூட வேண்டும். அப்பா மூடுவார். எங்கள் வீட்டுக்கு வந்தது வாசனை மட்டும், அதுவும் அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு. துவைக்க எடுக்கும்போதெல்லாம் அம்மா அதை ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள். "வெண்ணெயும் இல்ல, நெய்யும் இல்ல, என்ன எழவோ தெரியல. நல்லாத்தான் மணக்கு" என்பாள்.

எழுபத்து நாலாம் வருடம் துரை வேலையை விட்டுச் சீமைக்கே கிளம்பிவிட்டார். போன நாள் தவக்காலத்து வெள்ளிக்கிழமை. ஜீப்பில் ஏறும்முன் அப்பாவுக்கு இரண்டு பொருள்களைக் கொடுத்தார்: ஒரு கோட்டு, அரை டின் சீஸ். துரை ஆறடி. கோட்டு அப்பாவின் முழங்காலைத் தாண்டியது. நாலு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு, கக்கத்தில் ஒரு ரொட்டியும் கையில் டின்னுமாக லயத்துக்கு வந்து, "ஏட்டி அன்னம், அடுப்ப விடு. இன்னிக்கு நான்" என்றார்.

"இன்னிக்கு வெள்ளிக்கெழமைங்க."

"அதுக்குத்தான் இன்னிக்கே. இது பாலுதாண்டி. கறியில்லாத நாளுக்குன்னே செஞ்ச சாமான்."

அவர் செய்வதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பெரிய வித்தையெல்லாம் இல்லை. சீஸைத் துருவினார். கொஞ்சம் பால், வெள்ளிக்கிழமைக்கும் தடையில்லாத முட்டையின் மஞ்சள் கரு ஒன்று, மிளகுப் பொடி சேர்த்துக் குழைத்தார். ரொட்டியை எட்டுத் துண்டாக வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் தோசைக்கல்லில் வாட்டித் திருப்பி, வாட்டிய பக்கத்தில் குழைத்ததைத் தடவினார். பிறகு என்னவோ யோசித்தவராக வெளியே போய், வேலியோரம் நின்ற செடியிலிருந்து நாலைந்து காந்தாரி மிளகாயைப் பறித்துவந்து பொடியாக நறுக்கித் தூவினார். இரும்பு மூடியால் மூடி அதன்மேல் தணலை அள்ளி வைத்தார். நான் கதவில் சாய்ந்து நின்று, "துரை இல்லாமலே துரைக்குச் சமையல்" என்று வர்ணனை செய்துகொண்டிருந்தேன். அவர் காதில் வாங்கவில்லை. மூடியைத் திறந்தபோது பதினெட்டு வருடமாகச் சட்டையில் வந்த வாசனை முழு உருவத்தோடு அறையில் எழுந்து நின்றது. சீஸ் மேலே பொன்னிறமாகக் கொப்புளித்து, ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது.

அப்பா தட்டை அம்மாவின் முன்னால் குனிந்து வைத்தார். அவருக்கு வேறு மாதிரி வைக்கத் தெரியாது. அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு கையை நீட்டினாள்.

அப்போதுதான் பகுத்தறிவு குறுக்கிட்டது.

"எம்மா, அது சுத்த சைவமில்ல. கன்னுக்குட்டி வயித்துல எடுக்குற சாறுலதான் பால உறைய வச்சு சீஸ் பண்ணுதான். அப்ப அதுவும் கறிதான?"

நீட்டிய கை பாதியில் நின்றது.

"நெசமாவால?"

"புத்தகத்துல இருக்கும்மா."

"பாலுதாண்டி" என்றார் அப்பா. "பதினெட்டு வருசமாப் பாக்குதேன், பாலுதான்."

"நீங்க ரொட்டில தடவுனதப் பாத்திய. அத எதுல உறைய வச்சான்னு பாத்தியளா?" அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள். "படிச்ச பிள்ள சொல்லுதான்லா."

அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படியானால் மாமிசம் எங்கே தொடங்குகிறது, பாவம் எங்கே தொடங்குகிறது என்று அவளை மடக்க மூன்று கேள்விகளைத் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. நான் சொன்னதை அந்த லயத்தில் ஒருவர் அப்படியே நம்பியது அதுதான் முதல் தடவை.

அம்மா கஞ்சி குடித்தாள். "ஞாயித்துக்கெழமை வரைக்கும் வச்சிருக்க முடியாதா?" என்று கேட்டாள். ஆறினால் தோலாகிவிடும் என்றார் அப்பா. அவர் ஒரு துண்டும் எடுக்கவில்லை. வீணாக்குவது அறிவுக்கு ஒவ்வாது என்பதால் நான் ஆறு துண்டு சாப்பிட்டேன். மீதி இரண்டையும் மறுநாள் காலையில் சாப்பிட்டேன். தோல்தான், ஆனாலும் நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கிறாள். அவர் வாய்விட்டுச் சிரித்து, பாலும் வெண்ணெயும் சீஸும் எந்த வெள்ளிக்கிழமையும் சாப்பிடலாம், தடை கறிக்கு மட்டும்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்மா முக்காட்டைக்கூட எடுக்காமல் தேயிலைச் சரிவில் கிட்டத்தட்ட ஓடிவந்தாள். வாசலில் நின்று மூச்சு வாங்க, "ஏங்க, அது மிச்சம் இருக்கா?" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு, "தீந்துபோச்சுட்டி" என்றார்.

"சரி, போட்டும். துரைமாரு தின்னுற சாமான் நமக்கு என்னத்துக்கு" என்று சொல்லிவிட்டு அரிசியைப் புடைக்க உட்கார்ந்தாள். சுளகிலிருந்து நாலைந்து கல்லைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்.

"ஏல பவுலு. எப்படி இருந்துச்சு?"

எதைப் பற்றியும் நாலு பக்கம் எழுதுகிறவன் நான். நாக்கைத் துழாவிப் பார்த்தேன்.

"உப்பா இருந்துச்சும்மா."

"அவ்வளவுதானா?"

"கொஞ்சம் காரமாவும். காந்தாரி போட்டிருந்தாங்கல்ல."

"துரைக்கு மொளகா ஆகாதே." சுளகு நின்றது. "எனக்காக்கும் போட்டிருப்பாரு."

புதிதாக வந்த மேனேஜருக்குக் கஞ்சியும் பயறும் போதும். அதைச் சமைக்கவும் சொந்த ஊரிலிருந்தே ஆளைக் கூட்டி வந்திருந்தார். திங்கட்கிழமை அப்பாவைக் களை வெட்டும் கூட்டத்தில் போட்டார்கள். விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும்போது, கம்பம்மெட்டுக்குப் போகும் காலை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பனிக்குக் கோட்டைப் போட்டு, கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, வரிசையில் கடைசி ஆளாகக் குனிந்திருந்தார். பஸ் சத்தம் கேட்டு மற்றவர்கள் நிமிர்ந்தார்கள்.

அந்த வாரமும் தவக்காலத்து வெள்ளிக்கிழமை; விடுதியில் ஆட்டுக்கறி. வாரத்தில் ஒருநாள்தான் என்பதால் மணியடிக்கும் முன்பே பந்தி நிறைந்துவிட்டது. என் பக்கத்தில் எலப்புள்ளிக்காரன் அப்புசாமி. கரண்டி என்னிடம் வந்தபோது இலைக்குக் குறுக்கே கையை வைத்தேன்.

"என்றா, கறி வேண்டாமா?" என்றான் அப்புசாமி.

"வயிறு சரியில்ல."

"உனக்கா? கல்லைக் கொடுத்தாலும் தின்னுபோட்டு, அதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதுவியே." பரிமாறுகிறவரை நிமிர்ந்து பார்த்தான். "ஏனுங்க, இவன் பங்கை இங்க ஊத்துங்க."

ஊற்றினார். என்னைத் தாண்டிப் போன கரண்டியிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பு என் சோற்றின் ஓரத்தில் விழுந்து மெல்லப் பரவியது. அப்புசாமி எலும்பை உறிஞ்சுவதில் மும்முரமாக இருந்தான். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும், சிவந்துபோன பருக்கைகளைச் சுண்டுவிரலால் ஒவ்வொன்றாக இலை விளிம்புக்குத் தள்ளினேன்.